கடலின் நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள்: இட்சுகுஷிமா ஆலயத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஹிரோஷிமாவுக்குப் பக்கத்தில் மியாஜிமா தீவு. அதன் கரையில், கடல்மேல் கால் ஊன்றி நிற்கும் இட்சுகுஷிமா ஆலயம். ஜப்பானின் தொன்மையான மதமான ஷிண்டோவின் ஆலயம் அது. எதிரே தண்ணீருக்குள் சிவந்து நிற்கும் பெரிய தோரண வாயில், அதாவது தோரி. படத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல்முறை போனபோது படத்தில் இருந்த கடல் அங்கே இல்லை. ஈரச் சேறுதான் இருந்தது. ஏன் அப்படி ஆனது என்று உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டு, இரண்டாம் முறை அம்மாவை அழைத்துச் சென்றேன். அந்த இரண்டு பயணங்களிலிருந்தும் எழுதியது இது. விசா, விமானம், ஓட்டல் பதிவு பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. ஹிரோஷிமா ரயில் நிலையத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: தேதியை முடிவு செய்யும் முன் கடல் ஏற்ற வற்றப் பட்டியலைப் பாருங்கள்

இந்தப் பதிவில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் படியைப் படியுங்கள். இங்கே கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சில நாட்களில் 4 மீட்டர் வரை போகும். ஏறக்குறைய இரண்டு ஆள் உயரம். நீர்மட்டம் 250 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஆலயம் மிதப்பதுபோல் தெரியும். 100 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் தோரியின் காலடி வரை நடந்தே போகலாம். இரண்டுக்கும் நடுவே போனால் மிதக்கவும் மிதக்காது, நடக்கவும் முடியாது.

மியாஜிமா சுற்றுலா சங்கத்தின் தளத்தில் ஆண்டு முழுவதற்குமான பட்டியல் கிடைக்கிறது. நான் தடுமாறியது அங்கேதான். ஜப்பானிய மொழிப் பட்டியலில் ஏற்றத்துக்கு ‘மன்ச்சோ’, வற்றத்துக்கு ‘கன்ச்சோ’ என்று இருக்கும். இரண்டுக்கும் இரண்டாவது எழுத்து ஒன்றே. முதல் எழுத்துதான் வேறு. நான் இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டேன். கடல் நிறைந்திருக்கும் என்று நம்பி, மாலை மூன்றரை மணிக்கு ஆசையோடு போய் இறங்கினேன். அது அன்றைய நாளில் கடல் அடிவரை வற்றியிருந்த நேரம். திரும்பும் ரயிலுக்கு முன்பதிவு செய்திருந்ததால் நீர் ஏறும் வரை காத்திருக்கவும் வழியில்லை.

வித்தியாசம் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ‘மன்’ என்ற எழுத்தின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மூன்று சின்னத் துளிகள் இருக்கும். அவை நீரைக் குறிப்பவை. அந்தப் பக்கம் நீர் நிறைந்த நேரம். ‘கன்’ என்ற எழுத்தில் துளியே கிடையாது. கிடையாக இரண்டு கோடு, நடுவில் இறங்கும் ஒரு கோடு, மொத்தம் மூன்றே கோடுகள். முதல் எழுத்தில் துளி இருந்தால் ஏற்றம், வெறும் கோடாக இருந்தால் வற்றம்.

அடுத்து, நம் வீட்டு நாட்காட்டியே உதவும் இடம் ஒன்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிக உயரமாக ஏறி, மிகத் தாழ்வாக வற்றும். அந்த நாட்களில் இந்தக் கடலில் காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் ஏற்றமும், பிற்பகல் மூன்று, நான்கு மணி வாக்கில் வற்றமும் வருவது வழக்கம். ஒரே பகலில் இரண்டையும் பார்த்துவிடலாம். அதன்பின் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அட்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மந்தமாக இருக்கும். தோரி வரை நடக்கும் அளவுக்கு நீர் வற்றாமலே போகலாம். ஆகவே முதலில் பௌர்ணமியையோ அமாவாசையையோ பாருங்கள், பிறகு பட்டியலில் சரியான நிமிடத்தைப் பாருங்கள், அதற்குப் பிறகு ரயில் டிக்கெட் எடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நான் பட்டியலைக் காகிதத்தில் அச்செடுத்து, போகும் நாளின் வரியைப் பேனாவால் வட்டமிட்டு வைத்துக்கொள்கிறேன். கைபேசிச் செயலிகளை இதற்கு நான் நம்புவதில்லை. காரணத்தைக் கடைசியில் பின்சேர்க்கையில் எழுதியிருக்கிறேன்.

படி 2: ரயிலும் படகும்

ஹிரோஷிமாவிலிருந்து ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) சான்யோ ரயில் பாதையில் மியாஜிமாகுச்சி நிலையம். அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நிலையத்திலிருந்து நேரே நடந்தால் படகுத்துறை. டிராமிலும் வரலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஊரைப் பார்த்துக்கொண்டே வர ஆசைப்படுகிறவர்களுக்கு அது சரி. கடலின் நேரத்தைப் பிடிக்கப் போகிறவர்களுக்கு ரயில்தான் என் பரிந்துரை.

படகுத்துறையில் இரண்டு நிறுவனங்களின் படகுகள் அடுத்தடுத்துக் கிளம்புகின்றன. பயணம் பத்தே நிமிடம். கட்டணம் ஒரு வழிக்கு 200 யென். 2023 அக்டோபரிலிருந்து தீவுக்கு வருகிறவர்களிடம் 100 யென் வரியும் வாங்குகிறார்கள். ஜப்பான் ரயில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஜேஆர் படகில் கட்டணம் கிடையாது, ஆனால் அந்த 100 யென்னைத் தனியாகக் கட்ட வேண்டும். நான் ஜேஆர் படகையே சொல்வேன். பகல் நேரத்தில் தீவுக்குப் போகும்போது அது தோரிக்கு அருகே வளைந்து போகும். படகின் வலது பக்கம் நில்லுங்கள்.

படி 3: மான்களைத் தாண்டி

இறங்கியவுடன் மான்கள் எதிரே வரும். சாதுவாகத்தான் தெரியும். ஆனால் காகிதம் எதுவாக இருந்தாலும் வாயில் போட்டுக்கொள்ளும்: வரைபடம், டிக்கெட், பையிலிருந்து எட்டிப்பார்க்கும் ரசீது. உணவு கொடுக்கக் கூடாது. நீங்கள் அச்செடுத்த ஏற்ற வற்றப் பட்டியலைச் சட்டைப் பையில் மடித்து வையுங்கள். கடற்கரையோரமாக நடந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஆலயம்.

படி 4: கையையும் வாயையும் கழுவுதல்

வாயிலருகே நீர்த்தொட்டியும் நீண்ட கைப்பிடி அகப்பைகளும் இருக்கும். வலது கையால் மொண்டு இடது கையைக் கழுவுங்கள். பின் கையை மாற்றி வலது கை. பிறகு இடது உள்ளங்கையில் கொஞ்சம் நீர் வாங்கி வாயைக் கொப்பளியுங்கள். மறுபடி இடது கை. அகப்பையில் வாய் படக் கூடாது. கடைசியில் அகப்பையை நிமிர்த்திப் பிடித்தால் மிச்ச நீர் கைப்பிடி வழியாக வழிந்து, அடுத்தவருக்காக அதையும் கழுவிவிடும். எல்லாவற்றையும் ஒரே அகப்பை நீரில் முடிப்பதுதான் முறை.

“செருப்பை எங்கே விடுவது?” என்று அம்மா கேட்டார். இங்கே கழற்ற வேண்டாம். நடைபாதைகளில் காலணியோடுதான் நடக்கிறார்கள். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. சன்னதி முன் வந்ததும் ஒரு ஓரமாகப் போய்க் கழற்றிவிட்டுத்தான் கும்பிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

படி 5: உள்ளே, மெதுவாக

நுழைவுக் கட்டணம் உண்டு. காலை 6.30 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். பகல்நேரக் கூட்டம் வந்து சேரும் முன் போவது நல்லது.

முக்கியமான எச்சரிக்கை: உள்ளே ஒரு வழிப்பாதை. கிழக்கு நடைபாதையில் நுழைந்து மேற்கு நடைபாதையில் வெளியேற வேண்டும். கூட்டம் தள்ளுகிறது என்று நடந்துகொண்டே போனால் இருபது நிமிடத்தில் வெளியே நிற்பீர்கள். ஆகவே ஏற்றம் உச்சத்துக்கு வரும் நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாக நுழைந்து, தோரிக்கு நேரே திறந்திருக்கும் அகன்ற மேடையில் நின்றுவிடுங்கள்.

நிற்கும்போது காலடியில் பாருங்கள். பலகைகளுக்கு நடுவே விரலளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள். நாங்கள் நுழைந்தபோது அந்த இடைவெளியில் ஈர மணல் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு மெல்லிய பளபளப்பு ஊர்ந்து வந்தது. பிறகு நீரின் மேல் வெளிச்சம் ஆடி, அது பலகைகளின் அடியில் கோடு கோடாக நெளிந்தது. அம்மா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோரியைப் பார்க்கத் தலை நிமிரவே வெகுநேரம் ஆனது. அந்த இடைவெளி அழகுக்காக விட்டது அல்ல. புயலில் கடல் பொங்கும்போது நீரின் உந்துதல் தளத்தைப் பெயர்க்காமல் இடைவெளி வழியாக மேலே வந்து வடிந்துவிடும். அப்படியும் 1991, 2004 ஆண்டுகளின் சூறாவளிகளில் ஆலயம் பெரும் சேதம் கண்டு, மறுபடி சீர்செய்யப்பட்டது. குடை முனை, குதிகால் உயர்ந்த செருப்பு, கையிலிருந்து நழுவும் சில்லறை ஆகியவற்றுக்கு அந்த இடைவெளியில் கவனம் தேவை.

கடலில் ஏன் கட்டினார்கள்? தீவு முழுவதையுமே தெய்வமாக நினைத்தார்கள். அந்த மண்ணை வெட்டவும் மரத்தை அறுக்கவும் அஞ்சி, நீர் வந்துபோகும் கரையில் கட்டினார்கள் என்பதே வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். முன்பெல்லாம் தீவில் பிரசவமும் கூடாது, அடக்கமும் கூடாது. ஆலயம் 593-ல் தொடங்கியது என்பது மரபு. இன்று நாம் பார்க்கும் பெரிய அமைப்பைத் தந்தவர் தைரா நோ கியோமோரி என்ற போர்த்தலைவர், 1168-ல். 1996-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. கடல் வரட்டும், போகட்டும் என்று இடம் கொடுத்துக் கட்டிய கட்டடத்தைக் கடலின் நேரம் பார்க்காமல் போய்ப் பார்ப்பது பாதிக் கோயிலைப் பார்ப்பதுதான்.

வழிபடும் முறை: காணிக்கைப் பெட்டியில் காசு போட்டு, இரண்டு முறை குனிந்து வணங்கி, இரண்டு முறை கைதட்டி, மனத்துக்குள் வேண்டிக்கொண்டு, கடைசியாக ஒரு முறை வணங்க வேண்டும். நான் ஐந்து யென் காசுகளைத் தனிச் சுருக்குப்பையில் சேர்த்து எடுத்துப்போவேன். ஜப்பானிய மொழியில் ‘ஐந்து யென்’ என்பதும் ‘நல்லுறவு’ என்பதும் ஒரே ஒலி, ‘கோ-என்’. அதனால்தான் அந்தக் காசு.

இங்கே குடியிருப்பவர்கள் மூன்று பெண் தெய்வங்கள். அவர்களில் இச்சிகிஷிமாஹிமேயைப் பௌத்த மரபு பென்சைதெனோடு ஒன்றாக்கி வணங்கியது. பென்சைதென் வேறு யாருமில்லை, நம் சரஸ்வதிதான். பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் போனவள். மேற்கு வாயிலில் வெளியே வந்ததும் அருகிலேயே தைகான்ஜி என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், மெய்ஜி பேரரசர் காலத்தில் ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரித்தபோது பென்சைதென் அங்கே போனாள். பெரும்பாலானவர்கள் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள். நீங்கள் கடந்துவிடாதீர்கள்.

படி 6: நீர் வற்றும்வரை தீவிலேயே இருங்கள்

உச்ச ஏற்றத்திலிருந்து வற்றம் வரை ஆறு மணி நேரம். எளிதாகக் கழியும். குன்றின்மேல் செஞ்ஜோகாகு மண்டபம்: அன்றைய ஜப்பானை ஆண்ட தொயொதொமி ஹிதெயோஷி 1587-ல் கட்டத் தொடங்கி, 1598-ல் அவர் இறந்ததால் முடிவடையாமல் நின்றுபோனது. அங்கே காலணியைக் கழற்ற வேண்டும். அகலப் பலகைகளில் காற்று வர உட்காரலாம். தெம்பு இருந்தால் 535 மீட்டர் உயர மிசென் மலைக்கு ரோப்வே.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கையில் எதையாவது எடுத்துச் செல்வது நல்லது. சிப்பியும் விலாங்கு வகை மீனும்தான் தீவின் பெயர்பெற்ற உணவு. காய்கறி சூப்பிலும் மீன் சாறு இருக்கும். மேப்பிள் இலை வடிவ மொமிஜி மன்ஜு இனிப்பின் உள்ளே பயறு விழுது. ஆனால் மாவில் முட்டை சேர்க்கிறார்கள்.

நீர் இறங்கியதும் படிகளில் இறங்கித் தோரியை நோக்கி நடங்கள். பாசி வழுக்கும், ரப்பர் அடியுள்ள பழைய காலணி போதும். இப்போதைய தோரி 1875-ல் எழுப்பியது. உயரம் சுமார் 16 மீட்டர், எடை சுமார் 60 டன். இரண்டு பெரிய தூண்களும் கற்பூர மரம். நீரையும் பூச்சியையும் தாங்கும் மரம் அது. நான்கு துணைத் தூண்கள் பக்கத்தில் நிற்கின்றன. தூண்கள் மண்ணில் புதைக்கப்படவில்லை. அடியில் பைன் கட்டைகளை நெருக்கமாக இறக்கி உறுதியாக்கிய தரைமேல், தன் எடையாலேயே நிற்கிறது. மேலேயுள்ள உத்தரத்தின் உள்ளே முஷ்டியளவு கற்களை ஏழு டன் அளவுக்கு நிரப்பிப் பாரம் ஏற்றியிருக்கிறார்கள். அருகே போய் அண்ணாந்து பாருங்கள்: தூண் சீராகச் செதுக்கியது அல்ல, மரம் வளர்ந்த வளைவு அப்படியே இருக்கிறது. அடிப்பகுதியில் கொட்டலசுகள் என்ற ஓடுள்ள சிறு கடலுயிர்கள் ஒட்டியிருக்கும்.

நீர் திரும்பத் தொடங்கினால் உடனே கரைக்கு வந்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: செயலியில் வேறு எண் காட்டுகிறது என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். 100, 250 என்ற அளவுகள் அந்த ஊர்ப் பட்டியலின் சுழியத்திலிருந்து கணக்கிட்டவை. பல செயலிகள் வேறு சுழியத்தை வைத்துக் கணக்கிடுகின்றன. சராசரிக் கடல்மட்டத்திலிருந்து எண்ணினால் அளவு மிகக் குறைவாகத் தெரியும். நேரம் ஒத்துப்போகலாம், உயரம் ஒத்துப்போகாது.

பின்சேர்க்கை 2: தூண் விரிசலில் காசு செருகினால் வேண்டுதல் பலிக்குமா என்று ஒருவர் கேட்டார். தயவுசெய்து வேண்டாம். அப்படிச் செருகிய காசுகள் மரத்தைக் கெடுத்தன. 2019 முதல் 2022 வரை சாரம் கட்டித் தோரியைப் பழுதுபார்த்து முடித்திருக்கிறார்கள். காசுக்குச் சன்னதியில் பெட்டி இருக்கிறது.

பின்சேர்க்கை 3: கடல் மிக உயரமாக ஏறும் நாட்களில், குறிப்பாக இலையுதிர்காலத்தில், நடைபாதை மேலேயே நீர் வந்து சிறிது நேரம் நுழைவை நிறுத்திவிடுவதுண்டு. அன்று போய்ச் சேர்ந்த வாசகி ஒருவர் கரையிலேயே நின்று காத்திருந்து, நீர் இறங்கியதும் உள்ளே போனாராம். பலகைகள் நனைந்து கறுத்திருந்தன, மேடையில் ஒரு சிறு நண்டு குறுக்கே நடந்து போனது என்று எழுதியிருக்கிறார்.