மட்டாஞ்சேரிக்குப் போகிறீர்களா? கிழமை பார்த்துப் போங்கள்

கொச்சி போகிறவர்கள் சீன மீன்வலைகளைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். மட்டாஞ்சேரிக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். வெள்ளி, சனி மட்டும் வேண்டாம். வெள்ளியன்று மட்டாஞ்சேரி அரண்மனைக்கு விடுமுறை. 1568-இல் கட்டிய யூதர் தேவாலயம் சனிக்கிழமை திறக்காது.

எர்ணாகுளத்திலிருந்து படகில் வருவதுதான் நல்லது. யூதத் தெருவைப் பார்த்துவிட்டு, பஜார் ரோடு வழியாகவே ஃபோர்ட் கொச்சிக்கு நடங்கள், ஆட்டோ வேண்டாம். மிளகு, சுக்கு வியாபாரம் குறைந்து பூட்டிக் கிடந்த பண்டகசாலைகள் பல இந்தப் பக்கம் உண்டு. 2012-இல் கொச்சி பினாலே என்ற கலைக் கண்காட்சி தொடங்கிய பிறகு அவற்றில் சில கலைக்கூடங்களாகிவிட்டன. சுவர்களெல்லாம் ஓவியம். ஆனாலும் பக்கத்துக் கடை வாசலில் சுக்கு மூட்டை இறங்கிக்கொண்டுதான் இருக்கும், அந்த வாசனைக்காகவே நான் மெதுவாக நடப்பேன். குஜராத்தி, கொங்கணி, கச்சி மேமன் என்று தெருவுக்குத் தெரு பேச்சு மாறும்.

அப்புறம், ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில் இருக்கும் தோபி கானாவை, அதாவது துணி வெளுக்கும் கூடத்தை, விட்டுவிடாதீர்கள். டச்சுக்காரர்கள் காலத்தில் துணி வெளுக்க அழைத்துவரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வெளுக்கிறார்கள். கொடியில் கிளிப்பே இருக்காது. முறுக்கிய தேங்காய்நார்க் கயிற்றின் புரிக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள், காற்றடித்தாலும் விழாது. காலையிலேயே போங்கள். படமெடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், தமிழிலேயே கேட்கலாம்.