கூகுள் மப்பில் கடை போடுகிறவர்கள் விடுகிற பிழைகள்

மட்டக்களப்பில் இப்போது கடை திறக்கிற பிள்ளைகள், பெயர்ப்பலகை ஏறும் முன்பே பேஸ்புக்கிலும் கூகுள் மப்பிலும் ஏறிவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் 2010 இல் பேஸ்புக், நாம் நிற்கிற இடத்தை அறிவிக்கிற செக்-இன்னைக் கொண்டுவந்ததிலிருந்து நாங்கள் பட்டுத் தெளிந்த அதே பிழைகளைத்தான் திரும்பவும் விடுகிறார்கள். போன் இலக்கம் மாறிப்போவது, மங்கல் படம் போடுவதெல்லாம் தானாகத் திருந்தும். அவற்றை விடுவோம்.

எங்கேயோ இருந்துகொண்டு பின் குத்துவது

பின் என்பது மப்பில் கடை இருக்கும் இடத்தைக் காட்டுகிற குறி. அதை இப்படிக் குத்துவதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். கல்லடியில் கடற்கரைப் பக்கம் ஒரு விடுதி. மப்பில் பதிந்தது முதலாளியின் மருமகன், புளியந்தீவில் தன் அலுவலக மேசையில் இருந்தபடி. "தற்போதைய இடம்" என்பதை அமத்தினார், வேலை முடிந்தது. வேறு ஊரில் பின் விலகினால் அடுத்த ஒழுங்கையில் தேடலாம். இங்கே நடுவில் வாவி கிடக்கிறது. இரவு ரயிலில் வந்தவர்கள், பூட்டிய அலுவலகக் கேற்றடியில் பெட்டிகளோடு நின்றார்கள். பாலம் தாண்ட ஓட்டோக்காரர் மேலதிகக் காசு கேட்டார். விடிந்ததும் ஒற்றை நட்சத்திரம்: "இப்படி ஒரு இடமே இல்லை."

அப்புறம் நடந்ததுதான் பெரிய கூத்து. பின்னை இழுத்துச் சரியாக்காமல் புதிதாக இன்னொரு பதிவு போட்டார்கள். பழைய விமர்சனங்களும் படங்களும் பழைய பதிவிலேயே தங்கிவிட்டன. இப்போது கல்லடியில் விடுதி, புளியந்தீவில் அதன் ஆவி. அந்தப் பழைய பதிவோ வேலையை விட்டுக் கட்டாருக்குப் போன ஒரு தம்பியின் ஜீமெயிலில் இருக்கிறது. அவருக்குப் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது!

பின் வைக்கும்போது கடை வாசலுக்கு வெளியே, வானம் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். கொங்கிரீட்டுக்குள் ஜீபிஎஸ் சிக்னல் பலவீனமாகும். வைஃபையையும் போன் கோபுரங்களையும் வைத்துப் போன் ஊகிக்கத் தொடங்கும். நீலப் புள்ளியைச் சுற்றித் தெரியும் வெளிர்நீல வட்டம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு சந்தேகத்தில் இருக்கிறது போன். அது சுருங்கும்வரை பொறுங்கள். பிறகு செய்மதிப் படத்தில் உங்கள் கூரையைக் கண்டுபிடித்து, பின்னைக் கையால் இழுத்து வையுங்கள். இரண்டு பதிவு ஏற்கெனவே இருந்தால் ஒன்றை இரட்டைப் பதிவு என்று கூகுளுக்கு அறிவியுங்கள், மூன்றாவது போடாதீர்கள். கணக்கு முதலாளியின் ஜீமெயிலில் இருக்கட்டும். மருமகன் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் சரி.

லைவ் லொகேஷனை முகவரியாக அனுப்புவது

வட்ஸ்அப்பில் அது 15 நிமிடம், 1 மணித்தியாலம் அல்லது 8 மணித்தியாலம் ஓடும், நீங்கள் போகிற இடமெல்லாம் கூடவே வரும். கடையைத் தேடி வந்தவர் உங்கள் மோட்டார் சைக்கிளைத் துரத்திக்கொண்டு காத்தான்குடி வரை போவார். கடையின் மப் லிங்கை அனுப்புங்கள்.

அக்கரைப்பற்றுக் கடைக்கு அறுகம்பே டெக்

கடை ஓரிடம், பதிவில் இணைக்கிற இடப்பெயர் (டெக்) பெயர்போன வேறிடம். ஆள் வராது. திட்டு வரும்.

வீட்டுச் சமையலுக்கு வீட்டு வாசலில் பின்

வேண்டாம், தங்கச்சி. முகவரியை மறைத்துவிட்டு, ஓடர் கொண்டுபோய்க் கொடுக்கிற ஊர்களை மட்டும் காட்டக் கூகுளில் வழி இருக்கிறது. ஏறாவூர், செங்கலடி என்று போட்டால் போதும். வாசலுக்கு யார் வரலாம் என்பதைப் போனில் பேசிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாசிக்குடாவில் நின்றபடியே செக்-இன்

வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கே சொல்கிறீர்கள். திரும்பி வந்து போடுங்கள்.