பாடம் திட்டமிடும்போதே நூலகரையும் கலந்தாலோசியுங்கள்

பருவம் தொடங்குமுன் பாடத்திட்டத்தோடு பல்கலைக்கழக நூலகரைச் சந்திக்கும் ஆசிரியருக்கு, ஒப்படைப்பின் வடிவத்தையே மாற்றும் யோசனைகள் கிடைக்கலாம். எடுத்துக்காட்டாக, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையத்தின் ஷோத்கங்கா தளத்தில் இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகள், பெரும்பாலும் இயல்வாரியாகத் தனித்தனிக் கோப்புகளாக, கட்டணமின்றிக் கிடைக்கின்றன. முழு ஆய்வேட்டையும் சுமத்தாமல், முன்னாய்வுகளைப் பேசும் இயலை மட்டும் மாணவரிடம் கொடுத்து, அதில் சுட்டப்பட்ட கட்டுரை ஒன்றைத் தேடிப் படித்து, ஆய்வாளர் அதைச் சரியாகக் கையாண்டிருக்கிறாரா என்று எழுதுமாறு கேட்கலாம். (வெட்டி ஒட்டும் வேலைக்கு இதில் அதிகம் இடமில்லை.) அக்கட்டுரை சந்தா இதழில் இருந்தால், அரசுக் கல்வி நிறுவனங்களுக்காக ஒன்றிய அரசே ஆய்விதழ்களுக்குச் சந்தா செலுத்தும், 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் அது அடங்குமா என்பதை நூலகரே பார்த்துச் சொல்வார். தேடும் முறையைக் கற்பிக்க ஒரு பாடவேளையை அவருக்கு ஒதுக்குங்கள். அதை வகுப்பறையில் அல்லாமல் நூலகக் கணினிகளின் முன் நடத்துவதே நல்லது.