மெடிக்கல் கவுன்டரில் இதய நோயாளி: பயிற்சியில் கோட்டை விடும் இடங்கள்

மருந்தாளுநர்களுக்கு இதய நோய் பற்றிப் பயிற்சி என்றாலே ஒரு ஹால், ஒரு புரொஜெக்டர், இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று முடிவில்லாத ஸ்லைடு. பி.ஃபார்ம் படித்தவருக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரியும். மஞ்சக்குப்பத்திலோ நெல்லித்தோப்பிலோ சாயங்கால நெரிசலில் "முட்டி வலிக்கு ரெண்டு மாத்திரை குடு தம்பி" என்று வந்து நிற்கும் அம்மாவிடம், "வேற என்னம்மா மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்கத்தான் யாரும் பழக்குவதில்லை.

அந்த அம்மா பிரஷருக்கு ராமிப்ரில், நீர் பிரிய ஃபுரோசமைடு சாப்பிடுபவராக இருந்தால், வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக்கும் சேரும்போது சிறுநீரகம் அடிவாங்கலாம், உடம்பில் உப்பும் நீரும் தங்கி பிரஷர் ஏறும், இதயம் பலவீனமானவருக்கு மூச்சு வாங்கும். ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுபவர் என்றால் வயிற்றில் ரத்தக்கசிவு பயம். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் ஃபினைல்எஃப்ரின் கலந்த சளி மாத்திரையும் பிரஷர்காரருக்கு ஆகாது.

இதைவிட நைசாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. ராமிப்ரிலால் வறட்டு இருமல் வரும், அதற்கு ஒரு பாட்டில் சிரப். இன்னொரு பிரஷர் மாத்திரையான அம்லோடிபினால் கணுக்கால் வீங்கும், அதற்கு ஒரு நீர் மாத்திரை. மருந்துக்கு மேல் மருந்து ஏறிக்கொண்டே போகும். இருமல் எப்போது ஆரம்பித்தது, மாத்திரை எப்போது மாறியது என்று விசாரித்து, டாக்டருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்து அனுப்புவதுதான் சரி. அந்த இரண்டு வரியை எழுதவே வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம் என்பேன்.

பிரஷர் பார்ப்பதைச் சொல்லவே வேண்டாம். வெயிலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்தவரை நிற்க வைத்தே பட்டையைச் சுற்றுகிறார்கள். ஐந்து நிமிடம் உட்கார வேண்டும், முதுகு சாய்ந்து, கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும், பேசக்கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். இதெல்லாம் பார்த்து அளந்து, அப்புறம் "நார்மலா இருக்கு, மாத்திரை வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் போச்சு. மாத்திரையால்தான் நார்மல்! பீட்டா பிளாக்கரான மெட்டோப்ரோலாலைத் திடீரென நிறுத்துவது ஆபத்து, இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர் டாக்டரைக் கேட்காமல் குளோபிடோக்ரலை நிறுத்துவது அதைவிட ஆபத்து.

புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் இலவசமாக வாங்கிய மாத்திரை தீர்வதற்குள் கடையில் அதே மருந்தை வேறு பிராண்டில் வாங்கி, இரண்டையும் சேர்த்து விழுங்குபவர்கள் உண்டு. மக்கள் மாத்திரையை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள், அதனால் அட்டையில் பேனாவால் "பழசுக்குப் பதில் இது" என்று எழுதித் தருவது நல்லது.

உணவு ஆலோசனையில் சீஸ், டின் சூப் என்று பாடம் எடுப்பது வீண். நம் ஊரில் உப்பு வருவது கருவாட்டிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் சாப்பிடுபவரைக் கீரையே தொடாதே என்று மிரட்டுவதும் தவறு, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும். உடம்பில் பொட்டாசியத்தைத் தங்க வைக்கும் நீர் மாத்திரையான ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவர் 'லோ சோடியம்' உப்பு வாங்க வந்தால் மட்டும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும், அதில் பொட்டாசியம் இருக்கிறது.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேஸ் மாத்திரை கேட்பவருக்கு எதையும் விற்காமல் உட்கார வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். ஏற்கெனவே நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் எழுதித் தரப்பட்டவர் என்றால், ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் சாப்பிட்டாரா என்று தனியாகக் கேட்டுவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் பிரஷர் ஆபத்தாக இறங்கிவிடும், ஆண்கள் தானாகச் சொல்லமாட்டார்கள்.

கடைசியாக, யாரைப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறோம்? மருந்து கொடுக்கப் பதிவுபெற்ற மருந்தாளுநருக்குத்தான் உரிமை என்று 1948 மருந்தியல் சட்டம் சொன்னாலும், பல கடைகளில் முன்னால் நிற்பது உதவிக்கு இருக்கும் பையன்தான். எந்தச் சீட்டைப் பார்த்தால், எந்தப் பேச்சைக் கேட்டால் உள்ளே இருக்கும் மருந்தாளுநரைக் கூப்பிட வேண்டும் என்று அவனுக்கும் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுங்கள், முதலாளியையும் பக்கத்தில் உட்கார வைத்து.