காக்கர் ஸ்பானியல் நாயின் காது: மதுரைப் புழுக்கத்தில் பராமரிப்பு
காக்கர் ஸ்பானியலுக்கு முதல் வில்லங்கமே காதுதான். தொங்கும் மடல் காற்றை அடைத்துவிடும்; குளித்த ஈரம் உள்ளேயே தங்கி, மதுரைப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும்.

வாரம் ஒருமுறை மடலைத் தூக்கி, நாய்க்கென்று விற்கும் காது கழுவும் மருந்தை ஓட்டை நிறைய விடுங்கள். அடிக்காதை 30 விநாடி பிசைந்தால் சளக் சளக்கென்று கேட்கும். விட்டுவிடுங்கள், அதுவே தலையை உதறும் (வெள்ளை வேட்டியோடு பக்கத்தில் நிற்காதீர்கள்). மேலே வந்த அழுக்கைப் பஞ்சால் துடையுங்கள். பட்ஸ் குச்சி அழுக்கை உள்ளே தள்ளும், வேண்டாம்.

புளித்த வாடை, தலைச்சாய்ப்பு இருந்தால் மருந்து எதுவும் விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில சொட்டு மருந்துகளே செவிடாக்கிவிடும்.

உண்ணியை மடல் மடிப்பிலும் விரலிடுக்கிலும் தேடுங்கள். சித்திரையில் நடை காலை 7 மணிக்குள். தார்ரோட்டில் 5 விநாடி புறங்கை வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது.