அம்பு பட்ட மான் கைநழுவிப் போவது ஏன்?

இரண்டு நுரையீரலும் கிழிந்த மான் சில நொடிகள் ஓடி, பெரும்பாலும் 150 மீட்டருக்குள் விழுந்துவிடும். குடலில் அம்பு பட்ட மானுக்கு உயிர் போகப் பல மணி நேரம் ஆகும். இரண்டுக்கும் வேறுபாடு பார்க்காமல் உடனே பின்னால் ஓடுவதுதான் வில்வேட்டையில் நடக்கும் தவறுகளிலேயே கொடியது. அம்பு ரத்தத்தை வடியவைத்துத்தான் கொல்கிறது. துரத்தாவிட்டால் அடிபட்ட மான் பக்கத்துப் புதரிலேயே படுத்துக்கொள்ளும். எழுப்பிவிட்டால் ரத்தம் சொட்டாமலே வெகுதூரம் போய், யார் கண்ணிலும் படாமல் வதைபட்டுச் சாகும். இங்கே சொல்லும் கணக்குகள் அமெரிக்கக் கண்டங்களில் வாழும் வெள்ளைவால் மானுக்கானவை.

பாதித் தவறுகள் எய்வதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. மான் பக்கவாட்டில் நிற்கும்போதோ, நம்மைவிட்டு விலகிச் சாய்வாக நிற்கும்போதோ மட்டும் எய்யுங்கள். சாய்வு நிலையில், அம்பு எங்கே புகுகிறது என்பதைவிட எங்கே வெளியேறும் என்பதைப் பாருங்கள்; எதிர்ப்பக்க முன்னங்காலை நோக்கிக் குறிவைத்தால் நெஞ்சறை முழுவதையும் கடந்து போகும். நெஞ்சை நம் பக்கம் காட்டி, நம்மை நோக்கி நிற்கும் மானை விட்டுவிடுவதே நியாயம். தோள் எலும்பு தடுக்கும், அது தப்பினால் அம்பு குடலில் போய் முடியும். உயரமான பரணுக்கு நேர் கீழே நிற்கும் மானும் அப்படித்தான், ஒரு நுரையீரல் மட்டும் கிழிந்து மணிக்கணக்கில் நடக்கும்.

நாணின் ஒலியையும் கணக்கில் எடுங்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும், அம்பு 80 மீட்டர் போகும். 30 மீட்டர் தொலைவில் நிற்கும் மானுக்கு, ஒலி கேட்டபின் கால் நொடிக்கு மேல் அவகாசம் கிடைக்கிறது. பாய்வதற்காக அது முதலில் உடலைத் தாழ்த்தும். அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். மிரண்டு காதை நிமிர்த்தி நிற்கும் மானை அவ்வளவு தொலைவிலிருந்து எய்யவே வேண்டாம். பயிற்சியில் மழுங்கிய அலகோடு (அம்பு முனையின் வெட்டும் தகடு) காட்டுக்குப் போவது இன்னொரு தவறு. கூரிய அலகு ரத்தக்குழாயை அறுக்கும், மழுங்கியது ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகும்.

அம்பு போனபின் அசையாமல் பாருங்கள், கேளுங்கள். முதுகைக் கூனி மெல்ல நடந்தால் குடலில் பட்டிருக்க வாய்ப்பு அதிகம். மான் நின்ற இடம், கடைசியாகக் கண்ணில் பட்ட இடம் இரண்டையும் ஒரு மரத்தையோ பாறையையோ அடையாளமாக வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பரணிலிருந்தே ஒரு படம் எடுத்துவிடுவது நல்லது, கீழே இறங்கியதும் எல்லா மரமும் ஒன்றுபோலத் தெரியும்.

பிறகு ஓசையின்றி இறங்கி அம்பைத் தேடி எடுத்துப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல். மான் விழுந்ததைக் கண்ணால் பார்க்காவிட்டால் அரை மணி நேரம் போதும். கருஞ்சிவப்பாக, நுரையின்றி இருந்தால் கல்லீரலாக இருக்கலாம். குறைந்தது 4 மணி நேரம். பச்சையோ பழுப்போ கலந்து, நாற்றம் அடித்தால் இரைப்பை அல்லது குடல். 8 முதல் 12 மணி நேரம், அதாவது மாலையில் எய்தால் மறுநாள் காலை. ஐயம் இருந்தால் கூடுதல் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மழை வரப்போகிறதே, வெயிலில் இறைச்சி கெடுமே என்ற கவலை நியாயமானதுதான். ஆனாலும் குடலில் அடிபட்ட மானை எழுப்பிவிட்டால் இறைச்சியும் கிடைக்காது, மானும் கிடைக்காது.

தடம் பிடிக்கும்போது ரத்தத்தின் மேல் நடக்காதீர்கள், ஓரமாகப் போங்கள். இரண்டு பேர் போதும்: ஒருவர் கடைசித் துளியருகே நிற்க, மற்றவர் அடுத்ததைத் தேடட்டும். துளிகளுக்கருகே கழிவறைக் காகிதத் துண்டு வைத்துக்கொண்டே போனால், திரும்பிப் பார்க்கும்போது போன திசை தெளியும். தரையை மட்டும் பார்க்கிறவர்கள் பலவற்றைத் தவறவிடுகிறார்கள். உயரமாகப் பட்ட காயத்தின் ரத்தம் உடலுக்குள்ளேயே தேங்கும், வெளியே வருவது மானின் விலா உயரத்தில் புல்லிலும் இலையிலும்தான் ஒட்டியிருக்கும். புரண்ட சருகு, ஆழப் பதிந்த குளம்படி ஆகியவையும் தடம்தான். படுத்தெழுந்த இடம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தால் சத்தமின்றிப் பின்வாங்கி, மேலும் சில மணி நேரம் விடுங்கள்.

தடம் அறுந்ததும் நாலு பேரைக் கூட்டிக் காட்டைக் கலைப்பது வழக்கமான பிழை. மோப்ப நாயைச் சட்டம் அனுமதிக்கும் இடமாக இருந்தால், மனிதக் கால் படுவதற்கு முன்பே கயிற்றில் கட்டிய நாயைக் கொண்டுவர வேண்டும். நாய் இல்லையென்றால் கடைசித் துளியிலிருந்து சிறு வட்டங்களாக விரித்துத் தேடுங்கள். நீர்நிலைகளின் ஓரத்தையும் அடர்ந்த புதர்களையும் முதலில் பாருங்கள்.

கிடக்கும் மானிடம் முதுகுப் பக்கமாகவே போங்கள். செத்த மானின் கண் பெரும்பாலும் திறந்தே இருக்கும். மூடியிருந்தால் உயிர் இருக்கிறது என்றே கொள்ளுங்கள், நின்ற இடத்திலிருந்தே இன்னொரு அம்பு எய்யுங்கள். திறந்திருந்தாலும் நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டு, இமைக்கவில்லை என்று உறுதியான பிறகே கை வையுங்கள்.