கடைசி இடத்தில் முடித்த ஐஸ் ஹாக்கி அணி கோடையில் என்ன செய்ய வேண்டும்

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் 32 அணிகள். 16 அணிகள் கோப்பைக்கான நாக்-அவுட் கட்டமான பிளேஆஃபுக்குப் போகும். மீதி 16 அணிகளுக்கு ஏப்ரல் நடுவிலேயே ஆட்டம் முடிந்துவிடும். அதிலும் அடிமட்டத்தில் கிடக்கிற அணியிடம் விற்பதற்கு இரண்டே சரக்குதான் உண்டு: அவகாசம், சம்பள உச்சவரம்பில் (ஒரு அணி தன் வீரர்களுக்கெல்லாம் சேர்த்துச் செலவிடக்கூடிய அதிகபட்சத் தொகை) காலி இடம். கோப்பைக்காக ஓடுகிற அணிகளிடம் இவை இரண்டுமே இருக்காது. ஆகவே இந்தச் சரக்கை நல்ல விலைக்குத் தள்ளுவதுதான் பொது மேலாளரின் கோடைக்கால வேலை. "அடுத்த வருஷமே பிளேஆஃப்" என்ற அவசரத்தில் அவகாசத்தை அடிமாட்டு விலைக்குக் கொடுத்த அணிகள்தான் பத்து வருஷம் அதே குழியில் கிடக்கின்றன.

லாட்டரிக்கு முன்: வீரர் பட்டியல்

முதல் வேலை ஒரு அட்டவணை போடுவது. ஒவ்வொரு வீரருக்கும் நேராக இவற்றை எழுதுங்கள்: மூன்று வருஷம் கழித்து அவர் வயது என்ன, உச்சவரம்பில் எவ்வளவு இடம் பிடிக்கிறார், கையில் வாங்கும் உண்மையான சம்பளம் எவ்வளவு, அதில் சைனிங் போனஸ் (குறித்த தேதியில் மொத்தமாகத் தர வேண்டிய தொகை) எத்தனை, அது எந்தத் தேதியில் தர வேண்டும், வேறு அணிக்கு மாற்றும் டிரேடைத் தடுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் உண்டா. உச்சவரம்புக் கணக்கும் கைச்சம்பளமும் ஒன்றல்ல. வரம்பில் 6 மில்லியன் டாலர் பிடிக்கிற வீரருக்குக் கடைசி வருஷம் கைக்குப் போவது 3 மில்லியனாக இருக்கலாம். செலவுக்குக் கணக்குப் பார்க்கிற அணிக்கு அவர் லாபமான சரக்கு.

மூன்று வருஷம் கழித்து 30-ஐத் தாண்டப் போகிறவர்கள் விற்பனைக்கு. 27-க்குள் இருக்கப் போகிறவர்கள் வீட்டுச் சொத்து. நடுவில் இருப்பவர்கள்தான் தலைவலி. அவர்களில் யார் நீண்ட ஒப்பந்தத்துக்குச் சம்மதிப்பார் என்று இப்போதே ஏஜென்டிடம் கேட்டுவிடுங்கள். ஜூலை வரை தள்ளினால் பேரம் பேசும் பலம் அவர் பக்கம் போய்விடும்.

லாட்டரி: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது

இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட்; ஒவ்வொரு முறைக்கும் பெயர் பிக். பிளேஆஃபுக்குப் போகாத அணிகளில் யாருக்கு முதல் முறை என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும், அதுதான் லாட்டரி. கடைசி இடத்தில் முடித்தால் முதல் பிக் நமக்குத்தான் என்று நினைப்பது பழைய பழக்கம். இரண்டே குலுக்கல்தான். முதல் குலுக்கலில் கடைசி அணியின் வாய்ப்பு 18.5 சதவீதம். ஆனால் எந்த அணியும் 10 இடங்களுக்கு மேல் தாவ முடியாது என்பதால், அடியிலிருந்து 12 முதல் 16 வரையுள்ள அணிகள் ஜெயித்தாலும் முதலிடத்துக்கு வர முடியாது. அவற்றின் 7 சதவீதமும் கடைசி அணிக்கே சேரும். ஆகக் கூட்டினால் 25.5. அதே சமயம் மூன்றாவது பிக் கிடைக்கும் வாய்ப்பு 55.7 சதவீதம். திட்டம் போடும்போது மூன்றாவது பிக்கை வைத்தே போடுங்கள். அதற்குக் கீழே போகாது.

2025-ல் கடைசியில் முடித்த சான் ஹோசே ஷார்க்ஸுக்கு இரண்டாவது பிக்தான் கிடைத்தது. 3.5 சதவீத வாய்ப்போடு பத்தாவது இடத்தில் இருந்த நியூயார்க் ஐலண்டர்ஸ் முதலிடத்தைத் தூக்கிக்கொண்டு போனது. யூட்டா 14-லிருந்து 4-க்குத் தாவியது. இன்னொரு விதி: ஐந்து வருஷத்தில் இரண்டு தடவைக்கு மேல் ஒரே அணி குலுக்கலில் ஜெயிக்க முடியாது. தொடர்ந்து தோற்றுத் தோற்று நட்சத்திரங்களைச் சேர்க்கலாம் என்ற கணக்கு அதோடு முடிந்தது.

நட்சத்திரத்தை விற்பது எப்படி

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கொலராடோ அவலாஞ்ச் 2016-17-ல் 82 ஆட்டங்களில் எடுத்தது 48 புள்ளிகள். லாட்டரியிலும் அடி, நான்காவது இடத்துக்குச் சரிந்தது. சென்டர் மேட் டுஷேனை விற்கப் போகிறார்கள் என்று அந்தக் கோடை முழுக்கப் பேச்சு. பொது மேலாளர் ஜோ சாக்கிக் தனக்குப் பிடித்த விலை வரும்வரை அசையவில்லை. சீசனும் தொடங்கிவிட்டது. 2017 நவம்பர் 5 அன்று ப்ரூக்ளினில் ஐலண்டர்ஸுக்கு எதிராக ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே டுஷேன் பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே போனார். டிரேட் முடிந்துவிட்டது.

ஒட்டாவாவும் நாஷ்வில்லும் சேர்ந்த அந்த மூன்று அணி டிரேடில் கொலராடோவுக்கு வந்தவற்றில் முக்கியமானவை இரண்டு: இளம் டிஃபென்ஸ்மேன் சாமுவேல் ஜிரார், ஒட்டாவாவின் முதல் சுற்று பிக். அந்த பிக்கில் ஒரு நிபந்தனை இருந்தது. 2018-ல் அது முதல் 10-க்குள் வந்தால் ஒட்டாவா அதை வைத்துக்கொண்டு 2019 பிக்கைத் தரலாம். 2018-ல் அது நான்காவதாக வந்தது. ஒட்டாவா வைத்துக்கொண்டு பிரேடி கச்சக்கை எடுத்தது. அடுத்த வருஷம் ஒட்டாவா கடைசியில் முடித்தது. லாட்டரியில் நான்காவதாகச் சரிந்த பிக்கில் கொலராடோ எடுத்தது போவன் பைரமை. 2017-ல் சரிந்து கிடைத்த நான்காவது பிக்கில் கேல் மக்கார். மக்கார், ஜிரார், பைரம் மூவரும் 2022-ல் கோப்பை வென்ற அணியில் இருந்தார்கள்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை:

பிக் வாங்கும்போது எந்த அணியின் பிக் என்று பாருங்கள். வயதான வீரர்களோடு உச்சியில் நிற்கிற அணியின் இந்த வருஷ பிக்கைவிட, அதன் இரண்டு வருஷம் கழித்து வரும் பிக்குக்கு மதிப்பு அதிகம். ஒட்டாவா 2017 வசந்தத்தில் கிழக்கு மாநாட்டு இறுதிவரை போன அணி. அது சரியும் என்று அப்போது விலை போடப்படவில்லை.

முதல் 10-க்குள் வந்தால் வைத்துக்கொள்கிறோம் என்று எதிரணி கேட்டால் கொடுங்கள். பதிலுக்கு, தள்ளிப்போகிற வருஷத்துக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று எழுதி வாங்குங்கள். விஷயமே அந்த இரண்டாவது வரியில்தான் இருக்கிறது.

கெடு தேதியை எதிரணிக்குக் காட்டாதீர்கள். பஃபலோ சேபர்ஸ் ரயன் ஓரைலியை செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்தது 2018 ஜூலை 1 அன்று, அவருக்கு 7.5 மில்லியன் போனஸ் தர வேண்டிய அதே நாள். போனஸைச் செயின்ட் லூயிஸ் கட்டியது. அடுத்த ஜூனில் கோப்பை அங்கே, பிளேஆஃபின் சிறந்த வீரர் ஓரைலி. பஃபலோவுக்கு வந்த டேஜ் தாம்ப்சன் பிற்பாடு 47 கோல் அடித்தார் என்பது உண்மைதான். ஆனால் அது 2022-23-ல். இடையில் போன வருஷங்களையும் விலையில் சேர்க்க வேண்டும்.

காலி இடத்தை வாடகைக்கு விடுவது

2022 ஆகஸ்டில் கால்கரிக்கு நசெம் கத்ரியை எடுக்க இடம் தேவைப்பட்டது. ஷான் மோனஹனையும் கூடவே ஒரு முதல் சுற்று பிக்கையும் மான்ட்ரியாலிடம் கொடுத்தது. ஆம், வீரரையும் கொடுத்துக் கூலியும் கொடுத்தது. அதற்கு முந்தைய பருவத்தில்தான் மான்ட்ரியால் கடைசியில் முடித்திருந்தது. மோனஹன் காயம் ஆறி ஆடத் தொடங்கியதும், 2024 பிப்ரவரியில் அவரை வின்னிபெக்குக்குக் கொடுத்து இன்னொரு முதல் சுற்று பிக் வாங்கியது. ஒரே வீரரால் இரண்டு பிக்.

இப்போது இந்த வியாபாரம் கொஞ்சம் மந்தம். உச்சவரம்பு 2024-25-ல் 88 மில்லியன், 2025-26-ல் 95.5, 2026-27-க்கு 104 என்று ஏறுவதால் பெரிய அணிகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. ஒப்பந்தத்தைத் தலையில் கட்டுகிறவரிடம் பழைய விலை கேட்டால் கிடைக்காது. ஜூன் கடைசி வாரத்தில் யார் நிஜமாகத் திணறுகிறார்களோ அவர்களிடம் மட்டும் கேளுங்கள். குறைந்தபட்ச வரம்பும் கூடவே ஏறுகிறது: 2025-26-ல் 70.6, 2026-27-க்கு 76.9 மில்லியன். இளைஞர்களை மட்டும் வைத்து ஆடினால் அதை எட்டவே சில பழைய ஒப்பந்தங்கள் வேண்டியிருக்கும்.

விற்கிற வீரரின் சம்பளத்தில் பாதிவரை நாமே சுமக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் மூன்று ஒப்பந்தங்களுக்கு மேல் சுமக்க முடியாது. ஆகவே அந்த மூன்று இடங்களையும் கோடையிலேயே நிரப்பிவிடாதீர்கள். மார்ச்சில் டிரேடு கெடு நெருங்கும்போது ஒன்றாவது காலியாக இருக்கட்டும். 7 மில்லியன் வீரரை 3.5-ஆக்கி, மூன்றாவது அணி வழியாக 1.75-ஆகக் குறைக்கிற தந்திரம் முன்பு ஒரே நாளில் நடக்கும். 2025-26 முதல் இரண்டு குறைப்புகளுக்கு நடுவில் சீசனில் 75 நாள் இடைவெளி வேண்டும்.

பைஅவுட்: கணக்குப் போடாமல் தொடாதீர்கள்

பைஅவுட் என்றால் ஒரு பகுதிப் பணத்தைக் கொடுத்து ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிப்பது. அதற்கான ஜன்னல் ஜூன் நடுவில் திறந்து ஜூன் 30-ல் மூடும். வீரருக்கு 26 வயது ஆகியிருந்தால் மிச்சச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, 26-க்குக் கீழே என்றால் மூன்றில் ஒரு பங்கு. மிச்ச வருஷங்களைப் போல் இரண்டு மடங்கு காலத்துக்குப் பிரித்துக் கட்ட வேண்டும்.

30 வயது வீரர், இன்னும் 2 வருஷம், வருஷத்துக்கு 6 மில்லியன் என்று வையுங்கள். மொத்தம் 12, மூன்றில் இரண்டு 8, நான்கு வருஷத்துக்குத் தலா 2. முதல் இரண்டு வருஷமும் 4 மில்லியன் மிச்சம்.

அதே வீரரின் 6-ல் 5 மில்லியன் சைனிங் போனஸ் என்றால் கதையே வேறு. போனஸைத் தொடவே முடியாது. அடிப்படைச் சம்பளம் 1 மில்லியன் மட்டுமே வெட்டுக்கு வரும். இரண்டு வருஷத்துக்கு 2, மூன்றில் இரண்டு பங்கு 1.33, வருஷத்துக்கு 0.33. முதல் இரண்டு வருஷமும் உச்சவரம்பில் 5.33 மில்லியன் பிடித்துக்கொண்டே இருக்கும். மிச்சம் 0.67. அதற்காக ஒரு வீரரை வீட்டுக்கு அனுப்பி, நான்கு வருஷம் கணக்கில் கறை வைப்பதா? கடைசி இட அணிக்கு இடத்துக்குப் பஞ்சம் இல்லை. பெரும்பாலும் ஒப்பந்தத்தை ஓடவிடுவதே லாபம்.

டிராஃப்ட் மேஜையில்

ஐபிஎல் ஏலம்போல் இங்கே காசு காட்டி யாரையும் எடுக்க முடியாது. 7 சுற்று, வரிசைப்படி. பட்டியலை 1, 2, 3 என்று எண்ணிடுவதைவிடப் படிகளாகப் பிரியுங்கள்: இந்த மூவர் ஒரு படி, அடுத்த ஏழு பேர் ஒரு படி. நம் முறை வரும்போது மேல்படியில் ஒருவர் மிச்சம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். அதே படியில் ஐந்தாறு பேர் இருந்தால் மட்டும் இரண்டு மூன்று இடம் கீழே இறங்கி இன்னொரு பிக் வாங்குங்கள். படி முடியப் போகிறது என்றால் மேலே ஏறுங்கள்: 2024-ல் சான் ஹோசே 14-ஐயும் 42-ஐயும் கொடுத்து 11-க்கு ஏறி டிஃபென்ஸ்மேன் சாம் டிக்கின்சனை எடுத்தது.

பிறந்த தேதியைப் பாருங்கள். செப்டம்பர் 15-க்குள் 18 ஆகிறவர்கள் அந்த வருஷ டிராஃப்டுக்குள் வருவார்கள். ஒரே டிராஃப்டில் இருவருக்கு நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம் இருக்கலாம். 17 வயதில் ஒரு வருஷம் என்பது உயரத்திலும் எடையிலும் வேகத்திலும் பெரிய வித்தியாசம். இருவரும் ஒரே புள்ளி எடுத்திருந்தால் இளையவரை எடுங்கள்.

காயத்தையும் வகை பிரியுங்கள். மேத்யூ ஷேஃபர் 2024-25-ல் ஜூனியர் அணியான ஈரி ஆட்டர்ஸுக்கு ஆடியது 17 ஆட்டங்கள்தான். உலக ஜூனியர் போட்டியில் காறை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிடும். ஐலண்டர்ஸ் தயங்காமல் முதல் பிக்கில் எடுத்தது. இடுப்பு, முதுகு, திரும்பத் திரும்ப வரும் தலைக்காயம் என்றால் டாக்டர் அறிக்கை வரும்வரை பட்டியலில் ஏற்றாதீர்கள். ஜூன் தொடக்கத்தில் பஃபலோவில் நடக்கும் பரிசோதனை முகாமில் சைக்கிள் மிதிக்கிற எண்களைவிட இதுதான் முக்கியம்.

தேவையைப் பார்த்து எடுப்பதா, திறமையைப் பார்த்து எடுப்பதா? முதல் 10-ல் திறமை. ஆனால் திறமையின் தராசை ஒரே பக்கம் சாய்க்காதீர்கள். எட்மண்டன் 2010, 2011, 2012 மூன்று வருஷமும் முதல் பிக்கில் முன்கள வீரர்களையே எடுத்தது. 2012-ல் முதல் 10 பேரில் எட்டு பேர் டிஃபென்ஸ்மேன். எட்மண்டன் எடுத்தது விங்கர் நைல் யாகுபோவை. பாதுகாப்பு ஓட்டையை அடைக்க 2015-ல் 16-வது, 33-வது பிக்குகளைக் கொடுத்து, அதே 2012-ன் நான்காவது பிக்கான கிரிஃபின் ரைன்ஹார்ட்டை வாங்கியது. அந்த 16-ல் ஐலண்டர்ஸ் எடுத்தது மேத்யூ பார்சலை. அடுத்த வருஷம் 2010-ன் முதல் பிக்கான டேலர் ஹாலையே கொடுத்து ஒரு டிஃபென்ஸ்மேன். ஓட்டையைப் பிக்குகளைக் கொண்டு அவசரமாக அடைத்தால் இப்படித்தான்.

டிராஃப்ட் இரவில் எல்லோரும் ஒரே அரங்கில் அல்லது ஒரே ஃபோனில் இருப்பார்கள். விலை சூடாக இருக்கும். பெரிய ஒப்பந்தம் கேட்கிற இளம் வீரரை விற்க அதுவே நேரம். 2025-ல் ஐலண்டர்ஸ் நோவா டாப்சனை மான்ட்ரியாலுக்குக் கொடுத்து 16, 17 இரண்டு பிக்கும் எமில் ஹைனமனையும் வாங்கியது டிராஃப்ட் நடந்த நாளில்தான்.

ஜூலை 1-ம் அதற்குப் பிறகும்

ஒப்பந்தம் முடிகிற இளம் வீரருக்குத் தகுதிச் சலுகை (உரிமையைத் தக்கவைக்க நீட்டும் ஒப்பந்தம்) கொடுக்காவிட்டால் அவர் சும்மா போய்விடுவார். ஒரு மில்லியனுக்கு மேல் அடிப்படைச் சம்பளம் வாங்கியவருக்குக் கடைசி வருஷ அடிப்படைச் சம்பளத்தையே, ஒப்பந்தத்தின் வருஷச் சராசரியில் 120 சதவீதத்தைத் தாண்டாமல், சலுகையாகத் தர வேண்டும். உச்சவரம்புக் கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். தர மனமில்லை என்றால் கெடுவுக்கு முன்பே நான்காவது சுற்று பிக்குக்காவது உரிமையை விற்றுவிடுங்கள்.

சந்தையில் ஆறு ஏழு வருஷ ஒப்பந்தம் போடுவது நம் வேலை இல்லை. ஒன்று, இரண்டு வருஷத்துக்கு இரண்டு மூத்த டிஃபென்ஸ்மேன், ஒரு நம்பகமான கோலி (கோல்கீப்பர்). கோலி ஏன்? ஒவ்வொரு தவறும் கோலாகிற அணியில் இளம் டிஃபென்ஸ்மேன் பயந்து பக்கை (ஆடும் ரப்பர் தட்டை) கண்ணாடியில் அடித்துத் தள்ளக் கற்றுக்கொள்வார். ஆடக் கற்றுக்கொள்ள மாட்டார்.

ஆகஸ்டிலும் கண்ணைத் திறந்து வையுங்கள். 2024 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ், இடமில்லாமல் தவித்த எட்மண்டனிடமிருந்து ஃபிலிப் ப்ரோபெர்கையும் டிலன் ஹாலவேயையும் ஆஃபர் ஷீட் (ஒப்பந்தம் முடிந்த எதிரணி இளம் வீரருக்கு நீட்டும் ஒப்பந்தம்; அவருடைய அணி அதே தொகையைத் தராவிட்டால் இழப்பீட்டோடு வீரர் கைமாறுவார்) போட்டுத் தூக்கியது. இழப்பீடு ஒரு இரண்டாவது சுற்று, ஒரு மூன்றாவது சுற்று பிக். இழப்பீட்டுக்கு நம் சொந்த பிக்தான் செல்லும். அதற்காகவே வெளியே போயிருந்த தன் இரண்டாவது சுற்று பிக்கை முதலில் பிட்ஸ்பர்கிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது. முதல் சுற்று பிக் கேட்கிற தொகைக்கு மட்டும் போகாதீர்கள். கடைசி இட அணியின் முதல் பிக் எந்த ஆஃபர் ஷீட்டுக்கும் ஈடாகாது.

அக்டோபரில் ஒரு முடிவு மிச்சம். 18, 19 வயது வீரர் 10 ஆட்டத்துக்குக் கீழே ஆடினால் அவருடைய மூன்று வருஷத் தொடக்க ஒப்பந்தம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். பத்தாவது ஆட்டத்தில் இறக்கிவிட்டால் ஒரு வருஷம் எரியும். 40 ஆட்டம் அணிப்பட்டியலில் இருந்தால், சுதந்திர வீரராகும் ஏழு பருவக் கணக்கிலும் ஒன்று சேரும். ஒன்பதாவது ஆட்டம் முடிந்த இரவில் பயிற்சியாளரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: பையன் ஒரு இரவில் 15 நிமிடமாவது ஆடுகிறானா, நான்காவது வரிசையில் எட்டு நிமிடமா? எட்டு என்றால் அன்றே ஜூனியருக்கு அனுப்பிவிடுங்கள்.